பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா? அப்பாவின் மறைவை ஒட்டி ஒரு கேள்வி

கேள்வி (தங்கச்சிமடத்து மகள்):
நான் கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்து, இராமநாதபுரத்தில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். என் அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தவர். கரையேறியதும், மீனை ஏலத்துக்கு வைப்பதற்கு முன்பே, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவருடைய வீட்டுக்கென்று ஓலைக்கொட்டானில் சூடையும் காரலுமாக இரண்டு கை அள்ளி வைத்துவிடுவார். சென்ற மாதம் அவர் இறந்தபோது, துக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர், கிரியைகள் (நற்செயல்கள்) எவரையும் இரட்சிக்காது, விசுவாசம் மட்டுமே இரட்சிக்கும் என்று பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தைக் (2:9) காட்டினார். என் தாய்மாமா, செயலில்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் நிருபத்தை எடுத்துக்காட்ட, பேச்சு கசப்பில் முடிந்தது. இந்த இருவரில் யார் சொல்வது சரி?

பதில் 1 (மண்டபம், ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியர்):
தங்கச்சி, உங்கள் அப்பாவுக்காக மன்றாடுகிறேன். ரோமர், கலாத்தியர் நிருபங்களில் பவுல் எதிர்ப்பது, விருத்தசேதனம் முதலான நியாயப்பிரமாண (மோசேயின் சட்ட) கிரியைகளை யூதரல்லாத புறஇனத்தார்மீது சுமத்துவதை. யாக்கோபு கண்டிப்பதோ, உடையும் உணவும் இல்லாதவனிடம் சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லிவிட்டு எதுவும் கொடுக்காதவனை. இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பவுல் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில், வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, சந்ததி அப்படிப் பெருகும் என்று வாக்களிக்கப்பட்டு, ஆபிரகாம் அதை விசுவாசித்தது நீதியாக எண்ணப்பட்ட இரவில் நிற்கிறார். யாக்கோபு, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கொண்டுபோன 22ஆம் அதிகாரத்துப் பலிபீடத்துக்குப் போய், முன்பு சொல்லப்பட்டது இங்கே நிறைவேறியது என்கிறார். அந்த இரவில் ஆபிரகாமுக்கு வயது 86-ஐத் தாண்டவில்லை. ஈசாக்கு பிறந்ததோ அவருடைய 100ஆம் வயதில். நீதியாக எண்ணப்பட்ட விசுவாசம் அத்தனை ஆண்டுகள் நடந்துதான் அந்த மலையை அடைந்தது.

பதில் 2 (பரமக்குடி, சபை மூப்பர்):
ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் நற்செயலை விலையாக்கிவிடக் கூடாது என்ற அந்த உறவினரின் கவலையைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இயேசுவோடு சிலுவையில் தொங்கி, பரதீசு வாக்களிக்கப்பட்ட கள்வனுக்கு நற்செயல் செய்ய நேரம் ஏது? சீர்திருத்தவாதி லூத்தர் 1522இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ரோமர் 3:28இல் விசுவாசத்தோடு ‘மட்டும்’ என்று சேர்த்ததும், 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் மறுமொழி தந்ததும் பழைய வழக்கு. 1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதே பொருள் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்றும், நற்செயலுக்கு நம்மை அழைத்துத் தகுதிப்படுத்துகிறவர் தூய ஆவியார் என்றும் அதில் இருசாராரும் சேர்ந்தே அறிக்கையிட்டார்கள். எங்கள் வேதாகமத்தில் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்பதும் உங்கள் பொது மொழிபெயர்ப்பில் ‘ஏற்புடையவராதல்’ என்பதும் ஒன்றே. சொல் வேறாக இருப்பதாலேயே பாதிச் சண்டை வருகிறது. உறவினர் எபேசியர் 2:9இல் நிறுத்திவிடாமல், நற்செயல்களுக்காகவே படைக்கப்பட்டோம் என்னும் அடுத்த வசனத்தையும் வாசிக்கட்டும்.

பதில் 3 (திருவாடானை):
ஓரியூர் மண்ணில் 1693இல் விசுவாசத்துக்காகத் தலைகொடுத்த மறைப்பணியாளர் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) எண்ணிப் பாருங்கள். அன்று அவர் செய்ததில் விசுவாசம் எங்கே முடிந்தது, செயல் எங்கே தொடங்கியது என்று என்னால் கோடு போட முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் கேட்டேன். அப்பா அதைத் தருமம் என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். “அது அவுக பங்கு” என்பாராம், அந்த மனிதர் இன்னும் அதே படகில் வலை இழுப்பதைப் போல. எபேசியர் பத்தாம் வசனத்தை உறவினரோடு உட்கார்ந்து வாசிக்கப் போகிறேன். கொட்டானை இப்போது தம்பி எடுத்துப் போகிறான்.