மறு: ஆஸ்திரேலியக் கால்பந்தின் 'பிஹைண்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> ஓரப்புள்ளி என்றே வைத்துவிடலாமே. வெளிக்கம்பத்துப் பக்கம் போனால் ஒரு புள்ளி, அவ்வளவுதானே?

குழுவினருக்கு வணக்கம்.

அவ்வளவுதான் இல்லை. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம்: நடுவில் இரண்டு கோல் கம்பம், அவற்றின் இருபுறமும் ஒவ்வொரு வெளிக்கம்பம். நடுக்கம்பங்களுக்கு இடையே போன பந்தில்கூட வழியில் யார் கையாவது பட்டிருந்தால் அது பிஹைண்ட். கோல் கம்பத்தில் மோதினாலும் பிஹைண்ட். ஓரம் பொருந்தவில்லை.

'ஒற்றை' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கோலுக்கு 6, பிஹைண்டுக்கு 1 என்ற கணக்கு 1897இல் விக்டோரியக் கால்பந்து லீக்கோடு வந்தது. அதற்குமுன் விக்டோரியாவில் பிஹைண்டைக் குறித்து வைப்பார்கள், வெற்றிக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். புள்ளியே இல்லாததை ஒற்றை என்பதா?

என் பரிந்துரை: குறைகோல். குறைமாதம், குறைகுடம் என்றெல்லாம் நமக்குப் பழக்கம்தான்.

ஃபிட்ஸ்ராய் அணி வீரர் ஜோ ஜான்சனைப் பற்றிய நம் கட்டுரை வரைவில் போட்டுப் பார்த்தேன். '1904 இறுதியாட்டம்: ஃபிட்ஸ்ராய் 9.7 (61), கார்ல்டன் 5.7 (37)' என்று இருக்கிறது. நம் வாசகர் இதை ஒன்பது புள்ளி ஏழு என்றுதான் படிப்பார். '9 கோல், 7 குறைகோல், மொத்தம் 61' என்றால் 54ஐயும் 7ஐயும் அவரே கூட்டிக்கொள்வார். குறைகோல் இரு அணிக்கும் ஏழேழு, ஆட்டத்தை முடித்தது நான்கு கோல் வித்தியாசம் என்பதும் பளிச்சென்று தெரியும்.

வரைவைப் பற்றி இன்னும் இரண்டு. 'குறுகிய வாழ்க்கை' என்றால் ஆள் இளமையிலேயே போய்விட்டாரோ என்று தோன்றுகிறது. குறுகியது லீக்கில் ஆடிய காலம் மட்டுமே: ஃபிட்ஸ்ராய்க்காக 1904 முதல் 1906 வரை 55 ஆட்டம், 15 கோல், 1904லும் 1905லும் வாகை. (சாம்பியன்ஷிப் வேண்டாம், வாகை இருக்கிறது.) அதன் பிறகும் அவர் வேறு அணிகளுக்கு ஆடினார். இரண்டாவது, அந்த லீக்கில் ஆடியதாக அறியப்படும் முதல் பூர்வகுடி வீரர் அவர். அதைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்.

'மார்க்' (உதைத்து வரும் பந்தைத் தரை படாமல் பிடிப்பது) மார்க்காகவே இருக்கட்டும். 'பிடி' என்றால் கிரிக்கெட் கேட்சோடு குழம்பும்.

---

> என் பரிந்துரை: குறைகோல்.

உடன்படுகிறேன் ஐயா. ஒரு சிக்கல்தான். எதிரணிக்கு 6 போகாமல் தடுக்க, காப்பு ஆட்டக்காரரே பந்தைத் தன் கோட்டுக்குப் பின்னால் தள்ளி 1 கொடுத்துவிடுவார். அதை விட்டகுறை என்போமா? கை பட்டு உள்ளே போனதைத் தொட்டகுறை என்றுவிடலாம். கேலிக்குச் சொல்லவில்லை, இரண்டும் கச்சிதமாக உட்காருகின்றன. மறுப்பு இல்லையென்றால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.