தரமா, நோட்டமா, நிலைத்தரமா: பழைய தங்கக் காசுகளின் பெறுமதிக் கையேட்டுக்கு ஒரு சொல்

நல்லூர், மொழிபெயர்ப்பாளர்

குழுமத்தாருக்கு வணக்கம். தாயார் விட்டுச் சென்ற தங்கக் காசுகளை வெளிநாட்டிலுள்ள சகோதரர்களோடு பங்கிட விரும்பும் ஒரு குடும்பத்துக்காக, பழைய தங்க நாணயங்களின் சந்தைப் பெறுமதியைக் கணிக்கும் முறை பற்றிய கையேடொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'கிரேட்' என்ற சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். 'தரம்' என்று எழுதினேன். மூத்த மகள் வாசித்துவிட்டு, "தரம் 65 என்றால் எத்தனை கரட்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. நம் ஊரில் தங்கத்தின் தரம் என்றால் மாற்றுத்தான். இந்த எண்ணோ தங்கத்தின் தூய்மையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அடித்த காசு எவ்வளவு தேயாமலும் கீறல் படாமலும் எஞ்சியிருக்கிறது என்பதையே 1 முதல் 70 வரை சொல்கிறது. நல்ல சொல் தந்து உதவுங்கள்.

கோண்டாவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, தமிழர் இத்தொழிலுக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். சங்கப் புலவர்களுள் வடமவண்ணக்கன் தாமோதரனாரும் புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழானும் பெயரிலேயே அத்தொழிலைத் தாங்கி நிற்கிறார்கள். வண்ணக்கர் என்பதற்கு நாணயத்தைச் சோதித்துப் பார்க்கும் நோட்டகர் என்பதே பொருள். ஆகவே செயலை 'நோட்டம்' என்றும், செய்பவரை 'நோட்டகர்' என்றும், எண்ணை 'நோட்டவெண்' என்றும் வழங்கினால் முடிந்தது. 'பார்' என்று பொருள்படும் கன்னடத்து 'நோடு'வைக் காட்டி இதை இரவற்சொல் என்பாரும் உளர். நோக்கு, நோடு இரண்டும் ஒரு வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. வண்ணக்கரிலுள்ள 'வண்ணம்' வடசொல்லா என்ற வழக்கை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்றாலும், வனைதல், வண்ணித்தல் ஆகிய சொற்களை அறிந்தவர் அப்படிச் சொல்லத் துணியார் என்பதை மட்டும் இப்போதே பதிந்து வைக்கிறேன்.

சுன்னாகம், நாணயம் சேர்ப்பவர்

ஐயா குறிப்பிட்ட நோட்டகர் பொன்னின் மாற்றைப் பார்த்தவர். இன்று எண் கொடுப்பவரோ காசு உண்மையானதா என்று உறுதிசெய்த பின்னர் அதன் முகத்தைப் படிப்பவர். வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்காவின் பழைய செப்புச் சதங்களுக்காக அமைத்த அளவுகோல் இது. அவரிடத்தில் அந்த எண்ணே விலைப்பெருக்கியாகவும் இருந்தது: கடைநிலைக் காசின் அடிப்படை விலையை 20ஆல் பெருக்கினால் 20 என்ற எண் பெற்ற காசின் விலை கிடைக்கும். சந்தை அந்தக் கணக்கைக் கைவிட்டது. எண் மட்டும் தங்கிவிட்டது. இன்று 60இலிருந்து 70 வரை புழக்கத்துக்குப் போகாத காசுகளுக்கு உரியவை. காசுகளுக்கு எண் கொடுக்கும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. அடுத்த ஆண்டிலும் தொடங்கிய பின்னர், எண்ணிட்ட காசைப் பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டு விற்பது வழக்கமாயிற்று.

தங்கக் காசின் விலைக்கோ ஓர் அடித்தளம் உண்டு. பிரித்தானியச் சொவரின் 7.988 கிராம் நிறையுள்ள 22 கரட் காசு. அதற்குள் இருக்கும் தூய தங்கம் 7.32 கிராம். (நாம் 8 கிராமைப் பவுண் என்பதும் அந்தக் காசின் தயவால்தான்.) எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளிருக்கும் தங்கத்தின் விலை கைவிடாது. ஆகையால் மலிவாகக் கிடைக்கும் ஆண்டுக் காசில் 58க்கும் 62க்கும் பெரிய விலை வேறுபாடு இராது; அரிய காசிலோ ஓர் எண் கூடினாலே விலை வேறாகிவிடும். 1917ஆம் ஆண்டுச் சொவரினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டிலக்கத்துக்கு மேலே பி, எஸ், எம் ஆகிய எழுத்துகளில் ஒன்று இருந்தால் அது முறையே பேர்த், சிட்னி, மெல்பேண் நகரங்களில் அடித்தது; எழுத்தே இல்லாவிட்டால் இலண்டனில் அடித்த அருங்காசு, அல்லது அதன் போலி.

அந்தக் குடும்பத்தினர் முதலில் பார்க்க வேண்டியது, காசுகளில் வளையம் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதை. கொடியில் கோப்பதற்காகப் பற்றவைத்த காசுக்கும், பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்த காசுக்கும் பொதுவாக எண் கொடுக்க மாட்டார்கள். உண்மையான காசு, ஆனால் பழுதுபட்டது என்று எழுதிவிடுவார்கள். பளபளப்பாக இருப்பதால் கூடிய தரம் என்று நம்மவர்கள் எண்ணுவார்கள். எனவே சொல்லில் 'நிலை' கட்டாயம் இருக்க வேண்டும்.

பருத்தித்துறை, ஆசிரியை

'நோட்டம்' வேண்டாம் ஐயா. இன்றைக்கு நோட்டம் பார்ப்பவன் இரவில் வீடு புக இருக்கும் கள்ளன். 'தரப்படுத்தல்' என்பதையும் எழுதாதீர்கள். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலில் இடமிழந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். காசைப் பற்றிய கையேட்டைத் திறந்ததும் அது ஏன் நினைவுக்கு வரவேண்டும்? பரீட்சையில் போடுவது போலத்தானே இதுவும். 'நிலைப்புள்ளி' என்று சொல்லலாம்.

கொக்குவில்

அக்காவின் சொல் அழகுதான். ஆனால் தங்கத்தோடு சேர்த்த செம்பு சரியாகக் கலவாத இடத்தில் காசின் முகத்தில் சிவந்த புள்ளி விழுவதுண்டு. "65 புள்ளி பெற்ற காசு" என்று எழுதினால், அம்மை போட்ட காசு என்று வாங்குபவர் ஓடிவிடுவார். 'நிலைத்தரம்' என்று வையுங்கள்.

நல்லூர், மொழிபெயர்ப்பாளர்

நேரமில்லாதபடியால் நால்வர் ஒப்பிய 'நிலைத்தர'த்தையே எழுதிவிட்டேன். முதற்பக்கத்தில், இது கரட் அன்று என்று ஒரு வரியும் சேர்த்தேன். எண் கொடுப்பவர் 'நாணய நோட்டகர்'. 'நாணய' என்ற அடை அவரைக் கள்ளர் கூட்டத்திலிருந்து காப்பாற்றும். பிளாஸ்டிக் உறை 'சிமிழ்' ஆயிற்று. தங்கத்தின் அளவுக்கான விலை 'உலோகப் பெறுமதி', அதற்கு மேல் சேகரிப்போர் கொடுப்பது 'அருமைப் பெறுமதி'. தமிழகத்து அன்பரொருவர் பெறுமதியை 'மதிப்பு' என்று மாற்றச் சொன்னார்; வாசிக்கப்போவது யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்பதால் மாற்றவில்லை.

கோண்டாவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சிமிழ் நல்ல சொல். நிலையும் தரமும் ஒரே பொருளைச் சுட்டும்போது இரண்டையும் ஒட்டிவைப்பது, காசுக்கு வளையம் பற்றவைப்பது போன்ற வேலை. ஒப்பியோர் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம். 'வண்ணம்' பற்றி ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.