சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) 200 மீட்டருக்குள் பழைய ஓட்டு வீடு: இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்குமா?

நெய்தல்கரை (கேள்வி):
செங்கல்பட்டு மாவட்டம், ஈசிஆர் ஓரம், கிராம ஊராட்சி. மனை 2,400 சதுர அடி. 1984-ல் ஊராட்சி அனுமதியோடு கட்டிய 820 சதுர அடி ஓட்டு வீடு, தரைத்தளம் மட்டும். புயலில் கூரை போய்விட்டது, சுவர் உப்பேறிப் பொரிந்து கொட்டுகிறது. 2011 சிஆர்இசட் வரைபடத்தில் சிஆர்இசட்-3 (கிராமப்புறக் கடலோரம்), என்டிஇசட் (புதுக் கட்டடம் கூடாத பகுதி) என்று இருக்கிறது. கூகுள் எர்த்தில் அலை விளிம்பிலிருந்து 140 மீட்டர்.

முழுக்க இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டலாமா? மாடி போடலாமா? ஒரு சுவரை மட்டும் விட்டுவைத்தால் ரிப்பேர் கணக்கில் போய்விடும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

வரைவாளர்:
கட்டலாம். என்டிஇசட்டில் புதுக் கட்டடத்துக்குத்தான் தடை. ஏற்கெனவே இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் இடம் உண்டு. மூன்று மட்டும் பழைய அளவைத் தாண்டக் கூடாது: எஃப்எஸ்ஐ (மொத்தத் தளப்பரப்பை மனைப்பரப்பால் வகுத்தது), பிளிந்த் ஏரியா (தரையில் கட்டடம் பரவும் பரப்பு), அடர்த்தி (எத்தனை குடியிருப்பு).

உங்கள் கணக்கு: 820 ÷ 2,400 = 0.34. தரையில் 820-க்கு மேல் பரவக் கூடாது. எல்லாத் தளமும் சேர்ந்தாலும் 820-தான். ஒரு வீடு இரண்டு போர்ஷன் ஆகக் கூடாது. எனவே கீழே 820, மேலே 820 என்பது நடக்காது. கீழே 410, மேலே 410 என்று பிரித்தால் மூன்றுமே மீறப்படவில்லை, ஆனால் படிக்கட்டு இரண்டு தளத்திலும் இடத்தைத் தின்னும். இந்த அளவுக்கு மாடி வீண் ஆசை என்பது என் கருத்து.

மேஸ்திரி சொல்வது நியூயார்க்கில் எடுபடும்! அங்கே விதியை மிஞ்சிய பழைய கட்டடத்தின் தளப்பரப்பில் 75 சதவீதமோ அதற்கு மேலோ போய்விட்டால், இன்றைய விதிப்படிதான் கட்ட வேண்டும். அதனால்தான் 425 பார்க் அவென்யூவில் பழைய கட்டடத்தின் கால் பங்கை விட்டுவைத்து, அதைச் சுற்றியும் மேலேயும் புதுக் கோபுரம் எழுப்பினார்கள். சிஆர்இசட்டில் அந்த மாதிரி சதவீதமே இல்லை. ஒரு சுவர் நின்றாலும் நாலும் போனாலும் உச்சவரம்பு ஒன்றுதான். உப்பேறிய சுவரைப் புது அஸ்திவாரத்தோடு ஒட்டவைத்தால், ஒட்டிய இடத்தில்தான் முதல் விரிசல் விழும்.

சர்வே எண்:
'அங்கீகரிக்கப்பட்ட' என்ற வார்த்தையில்தான் பலர் மாட்டுகிறார்கள். முதல் சிஆர்இசட் அறிவிக்கை 19.2.1991. அதற்கு முன்பே வீடு இருந்தது, அன்றைய அனுமதியோடு இருந்தது என்று காகிதம் பேச வேண்டும். 1984 அனுமதி வரைபடம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கூடவே 1991-க்கு முந்தைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்புத் தேதி, கட்டட அளவு எழுதிய பத்திரம், வில்லங்கச் சான்று. வரி ரசீதை மட்டும் நம்பாதீங்க. அது வீடு இருந்ததைக் காட்டும், அனுமதி இருந்ததைக் காட்டாது.

1991-க்குப் பிறகு கட்டியது என்றால் உள்ளாட்சி அனுமதி மட்டும் காப்பாற்றாது. கொச்சி மரடு அடுக்குமாடிகளுக்கு உள்ளாட்சி அனுமதி இருந்தது. கடலோர மண்டல ஆணைய ஒப்புதல் இல்லை. உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் இடிக்கச் சொல்லி, 2020 ஜனவரி 11, 12-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அனுமதி கைக்கு வரும்வரை கடப்பாரையைத் தொடாதீங்க. மனை வெறுமையாகிவிட்டால் 820 என்பது வெறும் வாய்ச்சொல். முதலில் உரிமம் பெற்ற பொறியாளரை வைத்து அளந்து வரைபடம் போடுங்க: சுவரின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம், நாலு எல்லைக்கும் தூரம், தரைமட்டம். உள்ளும் புறமும் தேதியோடு போட்டோ. சிலவற்றிலாவது டேப்பின் எண் படிக்கிற மாதிரி தெரியணும்.

நெய்தல்கரை:
பின்னால் தனியாக 40 சதுர அடி கழிப்பறை, முன்னால் கீற்றுத் தாழ்வாரம். இரண்டும் 820-ல் வராது. சேர்த்துக் காட்டலாமா?

வரைவாளர்:
கழிப்பறை 1984 வரைபடத்தில் இருந்தால் கேளுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். கீற்றுத் தாழ்வாரத்தைச் சேர்க்கவே வேண்டாம். அதையும் பிளிந்த் என்று காட்டப் போனால், நிஜமான 820 மீதும் சந்தேகம் விழும்.

யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. சிஆர்இசட் பழைய பிளிந்த்தை அனுமதிப்பதால் கட்டட விதி விலகிவிடாது. முழுக்க இடித்தபின் எழுவது தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின் பார்வையில் புதுக் கட்டடம். இன்றைய இடைவெளிகளை விட்டாக வேண்டும். பழைய சுவர் எல்லையை ஒட்டி நின்றிருந்தால் உள்ளே தள்ளுங்கள், பிளிந்த் 820-லிருந்து குறைந்தாலும் பரவாயில்லை. அந்தக் குறையை ஈடுகட்டக் கடல் பக்கம் ஓர் அடி நீட்டினாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

ஏற்றக்கோடு:
இதெல்லாம் சரி, 140 என்பதே தப்பான அளவு. தூரம் உயர் அலைக்கோட்டிலிருந்து (பெரிய ஏற்றத்தில் கடல்நீர் எட்டும் எல்லை), அலை விளிம்பிலிருந்து அல்ல. அந்தக் கோடு கரையேறித்தான் இருக்கும், ஆகவே உங்கள் தூரம் இன்னும் குறையும். கோட்டை நாமே போட முடியாது. அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகார அமைப்புதான் 1:4,000 அளவில் உங்கள் சர்வே எண்ணைப் பொருத்தித் தரணும்.

அதைவிட முக்கியம், உங்க ஊருக்கு நடப்பில் இருப்பது 2011 அறிவிக்கைப்படி ஒப்புதலான வரைபடமா, 2019 அறிவிக்கைப்படியா என்பது. 2019-ல் சிஆர்இசட்-3 இரண்டாகப் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் என்றால் 3ஏ, அங்கே என்டிஇசட் வெறும் 50 மீட்டர். மற்றது 3பி, பழைய 200 மீட்டரே. நீங்க 3ஏ-வில் வந்து, கோட்டிலிருந்து 50-ஐத் தாண்டியிருந்தால் அந்த 820 பூட்டே விழாது. 2019 வரைபடம் ஒப்புதல் ஆகாதவரை இந்தச் சலுகையைக் கோர முடியாது. இன்னொன்று, 2019-ல் 300 சதுர மீட்டர் வரை சொந்தக் குடியிருப்புக்குக் கடலோர மண்டல ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை, உள்ளாட்சியே சிஆர்இசட் விதியைப் பார்த்து அனுமதி தரலாம். உங்க வீடு 76 சதுர மீட்டர்தான்.

மேற்குப் பக்கமும் பாருங்க. பக்கிங்ஹாம் கால்வாயோ கழிமுகமோ இருந்தால், ஓதம் (கடலின் ஏற்ற நீர்) ஏறும் பகுதிக்கும் சிஆர்இசட் உண்டு. 2011-ல் 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. 2019-ல் 100-க்குப் பதில் 50.

மனையில் மணல் மேடு இருந்தால் அதைச் சமன் செய்து அஸ்திவாரம் எடுக்காதீங்க, அதற்குத் தனித் தடை உண்டு.