சிக்னலில் நின்றபோது போன் பார்த்ததற்குச் சலான்: கட்டுவதா, வழக்காடுவதா?

குரோம்பேட்டை கண்ணன்:
நேற்று புதுபல்சர் என்ற தம்பி இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தார். சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் சிவப்பு விளக்கில் நின்றபோது பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து 1,000 ரூபாய்க்குப் படத்தோடு சலான் வந்திருக்கிறது. கட்டிவிடலாமா, வழக்காடலாமா என்று கேட்டார். அதற்கு லாபாயிண்ட் என்பவர் எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "படத்தில் கால் தரையில் இருக்கிறது. கால் தரையில் இருந்தால் வண்டி ஓடவில்லை. ஓடாத வண்டியில் குற்றம் ஏது? கட்டுகிறவன் ஏமாளி" என்கிறார்.

நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். சிக்னலில் நிற்பதும் ஓட்டுவதில் சேர்த்திதான். பச்சை விழுந்ததும் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். இவன் போனைப் பார்த்தபடியே கிளட்சை விடுவான். குறுக்கே கடைசி நேரத்தில் ஓடி வருகிற பள்ளிக்கூடப் பிள்ளையை யார் பார்ப்பது? வாகனச் சட்டம் பிரிவு 184, ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருப்பதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. சிவப்பு விளக்குக்கு விதிவிலக்கு என்று அதில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். தம்பி, பேசாமல் கட்டிவிடு.

லாபாயிண்ட்:
ஐயா, நான் எழுதியதை முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். 1,000 ரூபாய் எனக்குப் பெரிதில்லை. 2019 திருத்தத்தில் பிரிவு 200இல் ஒரு வரி சேர்த்தார்கள். அபராதம் கட்டிச் சமரசமாக முடித்தாலும், அடுத்த முறை மாட்டும்போது இது முதல் குற்றமாகக் கணக்கில் வரும். மூன்று வருடத்துக்குள் இன்னொரு முறை என்றால் 10,000. 2022 அக்டோபரில் தமிழக அரசு போட்ட அபராதப் பட்டியலிலும் அதே தொகைதான். ஆக, கட்டினால் தொல்லை தீர்ந்தது என்று நீங்கள் சொல்வதே தப்பு. அந்தப் பையன் செய்யாத ஒன்றை ஒப்புக்கொள்கிறான். கால் தரையில். மறுபடியும் சொல்கிறேன், கால் தரையில்.

குரோம்பேட்டை கண்ணன்:
எந்தக் கால்? இரண்டு காலுமா, ஒரு காலா? அதைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

புதுபல்சர்:
அண்ணே, இடது கால் தரையில் இருக்கிறது. வலது கால் ஃபுட்ரெஸ்டில், பிரேக் மேல். போன் இடது கையில். மேப்தான் பார்த்தேன், யாரோடும் பேசவில்லை. எதிர்ப்பது என்றால் எங்கே போக வேண்டும், வக்கீல் வைக்க வேண்டுமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

குரோம்பேட்டை கண்ணன்:
ஆயிற்றா? வலது கால் பிரேக்கில்! பிரேக்கை மிதித்துக்கொண்டு இருக்கிறவன் வண்டி ஓட்டுகிறவன். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியவனுக்கு பிரேக்கில் என்ன வேலை? லாபாயிண்ட், உங்கள் பாயிண்ட் இங்கேயே போய்விட்டது.

லாபாயிண்ட்:
பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும் ஐயா. பேருந்தில் வேறு மாதிரியா? நீங்களே என் பக்கம் சாட்சி சொல்கிறீர்கள். இடது கால் தரையில், வலது கால் பிரேக்கில். வண்டி அசையவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வக்கீல் குமாஸ்தா:
தம்பி புதுபல்சர், கால் சண்டையை விடுங்கள். கேமரா சலானுக்கு 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 167ஏ என்று ஒன்று வந்தது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது அந்த விதி. உங்களுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. சலானில் உள்ள தேதியையும் குறுஞ்செய்தி வந்த தேதியையும் பாருங்கள். படத்தில் நம்பர் பிளேட்டும் குற்றமும் தெளிவாகத் தெரிய வேண்டும். படம் நம்பத்தக்கது என்று காட்டும் மின்னணுச் சாட்சிச் சான்றிதழ் இணைத்திருக்க வேண்டும். அது பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 65பி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் பிரிவு 63. படம் எடுத்தது நிலையான கேமராவா, காவலரின் சொந்த செல்போனா என்பதையும் கவனியுங்கள். விதியில் உள்ள கருவிப் பட்டியலில் சிசிடிவி, உடலில் மாட்டும் கேமரா எல்லாம் இருக்கிறது. சொந்த செல்போன் என்று இல்லை.

வழக்கு, சலான்களை இணையத்திலேயே கவனிக்கும் மெய்நிகர் நீதிமன்றத் தளத்துக்கு வந்துவிட்டால், அங்கே அபராதம் கட்டுவது, எதிர்ப்பது என்று இரண்டு வழி காட்டும். எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். ஒரு நாளில் முடியாது, வாய்தா வரும். வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம். நீங்களே நின்றும் பேசலாம்.

குரோம்பேட்டை கண்ணன்:
குமாஸ்தா தம்பி, அதெல்லாம் அப்புறம். 15 நாள், 20 நாள் என்று போஸ்ட்மேன் கணக்குப் பார்த்துத் தப்பிக்க வழி சொல்லாதீர்கள். போனை எடுத்தானா இல்லையா? எடுத்தான். பிரேக்கில் கால் இருந்ததா இல்லையா? இருந்தது. 2022இல் மட்டும் சாலை விபத்தில் நாட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர். நம் மாநிலத்தில் 17,884 பேர். அதில் ஒருவர் வீட்டுக்குப் போய் இந்த 15 நாள் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

லாபாயிண்ட்:
அந்த 17,884 பேரில் எத்தனை பேர் சிவப்பு விளக்கில், ஒரு கால் தரையில் ஊன்றி நின்றவன் மோதிச் செத்தார்கள்? சாவு எண்ணிக்கையைக் காட்டி வாயை அடைக்காதீர்கள்.

டெலிவரி ராஜா:
நாள் முழுக்க வண்டியில் இருக்கிறவன் சொல்கிறேன். எங்களுக்குப் போன்தான் முதலாளி. ஆர்டர் வந்தால் சில நொடிக்குள் அமுக்க வேண்டும். கஸ்டமர் "எங்கே வருகிறீர்கள்" என்று அழைப்பார். சிக்னலில் பார்க்காமல் எங்கே பார்ப்பது? ஓரம் கட்டி நிறுத்தினால் நோ பார்க்கிங். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்தத் தம்பியும் மேப்தான் பார்த்தார். கண்ணன் ஐயாவுக்கு பென்ஷன் வருகிறது, எங்களுக்கு வராது.

குரோம்பேட்டை கண்ணன்:
என் பென்ஷனை ஏன் இழுக்கிறீர்கள்? வெயிலிலும் மழையிலும் பேருந்து ஓட்டி வாங்கிய பென்ஷன் அது. உங்கள் ஆட்கள் எதிர்த்திசையில் வருவதையும் நடைபாதையில் ஏறுவதையும் குரோம்பேட்டையில் தினமும் பார்க்கிறேன். மேப் பார்க்க வேண்டுமா, ஹேண்டில்பாரில் ஹோல்டர் மாட்டுங்கள். கையில் எடுத்தால் ஒரு கை ஹேண்டிலில் இல்லை. அந்தத் தம்பிக்கு இடது கையில் போன் என்றால் கிளட்சை யார் பிடித்தது?

டெலிவரி ராஜா:
நியூட்ரலில் இருந்தால் கிளட்ச் எதற்கு? எங்களில் நாலு பேர் தப்பாக ஓட்டினால் எல்லோரையும் சொல்வீர்களா? நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பேருந்துகளைப் பற்றி நாங்களும் பேசட்டுமா?

அண்ணா நகர் அமுதா:
நடுவில் ஒன்று கேட்கிறேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு புல்லட்டில் போகிற காவலர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அவர்களுக்கு யார் சலான் போடுவது? என்னைப் போல ஸ்கூட்டியில் ஓரமாகப் போகிறவர்களைத்தான் நிறுத்துகிறார்கள். முதலில் அவர்கள் திருந்தட்டும், பிறகு 1,000 ரூபாய் கேட்கட்டும்.

குரோம்பேட்டை கண்ணன்:
அம்மா, காவலர் செய்தால் அவர் மீதும் புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்காக இந்தத் தம்பி கால் பிரேக்கில் இல்லை என்று ஆகிவிடுமா?

கோவை செந்தில்:
எங்கள் ஊர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால்தான் சாலைப் பாதுகாப்பு இந்த அளவுக்காவது பேசப்படுகிறது. உடைந்த எலும்போடு வருகிறவர்களைத் தினமும் பார்த்தவர் அவர். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015 ஆகஸ்டிலேயே, போன் பேசி ஓட்டினால் லைசென்ஸை மூன்று மாதமாவது நிறுத்தி வையுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அபராதம் கட்டினாலும் லைசென்ஸ் நடவடிக்கை தனியாக நடக்கலாம், அதுவும் பிரிவு 200இலேயே இருக்கிறது. இங்கே எல்லோரும் 1,000 ரூபாயையும் ஒரு காலையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

லாபாயிண்ட்:
செந்தில், நன்றி, என் வாதத்துக்குத்தான் பலம் சேர்த்தீர்கள். லைசென்ஸுக்கே ஆபத்து என்றால் எதற்கு வாய் மூடிக் கட்ட வேண்டும்? 2018இல் கேரள உயர் நீதிமன்றம், பொதுமக்களுக்கு ஆபத்து இல்லாமல் போன் பேசி ஓட்டியது மட்டுமே குற்றமாகாது என்று சொன்னது. ஓடுகிற வண்டிக்கே அப்படி என்றால், கால் ஊன்றி நிற்கிற வண்டிக்கு?

குரோம்பேட்டை கண்ணன்:
பாதியை மட்டும் சொல்லாதீர்கள். அது கேரள போலீஸ் சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றிய தீர்ப்பு. அதுவும் 2019 திருத்தத்துக்கு முன்னால் வந்தது. இப்போது மத்திய சட்டத்திலேயே நேராக எழுதியிருக்கிறது. முன்பு இங்கே நடந்த ஃபாஸ்டாக் (சுங்கக் கட்டண ஸ்டிக்கர்) விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். பழைய சுற்றறிக்கையைப் போட்டு எல்லோரையும் குழப்பினீர்கள், கேட்டதற்கு ஒரு வாரம் ஆளையே காணோம்.

லாபாயிண்ட்:
ஃபாஸ்டாக்கில் நான் சொன்னதுதான் சரி. அந்த வாரம் எங்கள் வீட்டில் கல்யாணம், அதனால் வரவில்லை. அதையும் தோல்விக் கணக்கில் எழுதிவிட்டீர்களா?

பம்மல் மெக்கானிக்:
ஒரே கேள்வி. படத்தில் ஹெட்லைட் எரிகிறதா? 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக் எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரியும். அணைக்க சுவிட்சே கிடையாது. எரிந்தால் இன்ஜின் ஓடுகிறது. கால் எங்கே இருந்தால் என்ன?

புதுபல்சர்:
எரிகிறது அண்ணே. ஆனால் குமாஸ்தா சார் சொன்ன 15 நாள் விஷயம்... தேதியைப் பார்த்தேன். 15 நாள் தாண்டித்தான் வந்திருக்கிறது. இதைச் சொன்னால் ஏற்பார்களா?

குரோம்பேட்டை கண்ணன்:
எரிகிறதாம்! எல்லோரும் பாருங்கள். இன்ஜின் ஓடுகிறது, கால் பிரேக்கில். இனி என்ன பேச்சு?

லாபாயிண்ட்:
என் வண்டியில் இன்ஜினை அணைத்தாலும் சாவி ஆனில் இருக்கும்வரை லைட் எரியும். மெக்கானிக் சார் எல்லா மாடலையும் பிரித்துப் பார்த்தாரா? லைட்டை வைத்து இன்ஜினையும், இன்ஜினை வைத்து குற்றத்தையும் ஊகிப்பது சாட்சி ஆகாது. கண்ணால் தெரிவது தரையில் இருக்கிற இடது கால். அது ஒன்றுதான்.

பம்மல் மெக்கானிக்:
உங்கள் வண்டியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். யாரோ வயரிங்கை மாற்றியிருப்பான்.

லாபாயிண்ட்:
கம்பெனி வயரிங். சீல்கூடப் பிரியவில்லை.

வக்கீல் குமாஸ்தா:
புதுபல்சர் தம்பி, 15 நாள் தாண்டியதை எழுத்தில் சொல்லுங்கள். முதலில் சலான் தளத்தில் உள்ள புகார்ப் பகுதியில் போடுங்கள், இரண்டு தேதியின் ஸ்கிரீன்ஷாட்டும் இணையுங்கள். ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதி கையில், நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் உங்கள் கையில் இருப்பதிலேயே எழுத்து ஆதாரம் உள்ள விஷயம் அது ஒன்றுதான். கட்டாமல் அப்படியே விட்டுவிடாதீர்கள், நாளைக்கு ஆர்.சி. பெயர் மாற்றப் போகும்போது வந்து நிற்கும்.

டெலிவரி ராஜா:
வழக்காடப் போனால் ஒரு நாள் வேலை போகும். ஒரு நாள் ஓட்டவில்லை என்றால் இன்சென்டிவும் போகும். எங்களுக்கு வழக்காடுவதும் அபராதம்தான். இதை யாராவது யோசித்தீர்களா? கண்ணன் ஐயா மட்டும் பிரேக், பிரேக் என்கிறார்.

குரோம்பேட்டை கண்ணன்:
பிரேக்கைப் பற்றித்தான் பேசுவேன். என் கைக்கு வந்த எந்தப் பேருந்திலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு நாள் வேலை போகுமே என்று கவலைப்படுகிறவர் ஒரு நாள் போனைப் பையில் போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். லாபாயிண்ட், நேரடியாகக் கேட்கிறேன். உங்கள் மகன் சிக்னலில் நிற்கும்போது, பின்னால் ஒரு லாரிக்காரர் போனைப் பார்த்தபடி பிரேக்கில் காலை வைத்து நின்றால், அது ஓட்டுவதா இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். வேறு தீர்ப்பு, சுற்றறிக்கை எதுவும் வேண்டாம்.

லாபாயிண்ட்:
லாரியில் தரையில் ஊன்றக் கால் ஏது? ஒப்பிட முடியாததை ஒப்பிடுகிறீர்கள். பைக்கில் கால் தரையில்...

குரோம்பேட்டை கண்ணன்:
ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி புதுபல்சர், அந்தப் படத்தை இங்கே போடு. நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டுப் போடு. வலது கால் பிரேக்கை எந்த அளவுக்கு மிதித்திருக்கிறது என்று நானே பார்க்கிறேன்.

லாபாயிண்ட்:
போடு தம்பி. இடது காலும் தெரிகிற மாதிரி போடு.