கேமராவுக்கு எந்த ஃபோகஸர்: கிரேஃபோர்டா, பல்சக்கரமா?

எட்டங்குலம்:
என்னிடம் 8 அங்குல எஃப்/5 நியூட்டோனியன் (கண்ணாடி வகைத் தொலைநோக்கி; எஃப்/5 என்றால் குவியதூரம் கண்ணாடி விட்டத்தைப் போல ஐந்து மடங்கு) இருக்கிறது. கூட வந்த ஃபோகஸர், அதாவது குழாயை உள்ளே வெளியே நகர்த்திப் பிம்பத்தைக் கூர்மையாக்கும் பாகம், பல்சக்கர வகை. குமிழைத் திருப்பினால் நட்சத்திரம் பக்கவாட்டில் துள்ளுகிறது, திசை மாற்றினால் குமிழ் கொஞ்சம் சும்மா சுற்றுகிறது. டிஎஸ்எல்ஆர் கேமரா மாட்ட ஆசை. கிரேஃபோர்டுக்கு மாறலாமா?

நிலாப்பித்தன்:
யோசிக்காமல் மாறுங்கள். பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் அந்தச் சும்மா சுற்றல். கிரேஃபோர்டில் பல்லே கிடையாது. உள்குழாய் நாலு பேரிங் மேல் உருளும், எதிர்ப்பக்கம் ஒரு தண்டு அழுத்தி உராய்வால் நகர்த்தும். இங்கிலாந்தில் கிரேஃபோர்டு வானியல் சங்கத்து ஜான் வால் வடிவமைத்தது. 1971-ல் விவரம் வெளியானது. மனிதர் காப்புரிமைகூட வாங்கவில்லை!

பட்டறைக்காரர்:
அந்த உராய்வுதான் வம்பே. கேமராவோடு குழாய் செங்குத்தாகத் தொங்கினால் தண்டு வழுக்கும். லென்ஸ் தொலைநோக்கியை உச்சி வானத்துக்குத் திருப்பிப் பாருங்கள், தெரியும்.

நிலாப்பித்தன்:
அழுத்தத் திருகை இறுக்கினால் போயிற்று.

பட்டறைக்காரர்:
அளவுக்கு மேல் இறுக்கினால் குமிழ் கனக்கும், குழாயில் தடம் விழும். எஃப்/5-ல் பிம்பம் மங்காமல் ஃபோகஸ் நகர உள்ள சலுகை சுமார் 65 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடித் தடிமன். எஃப்/10 என்றால் நாலு மடங்கு கிடைக்கும், உங்களுக்கு அது இல்லை. ஒரு மீட்டர் எஃகுக் குழாய் 5 டிகிரி குளிர்ந்தாலே 60 மைக்ரான் சுருங்கிவிடும். ராத்திரி முழுக்க ஃபோகஸைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் குழாய் வழுக்காமல் நிற்க வேண்டும். சாய்வாகப் பல் வெட்டிய நல்ல பல்சக்கரத்தில் அந்தக் கவலை இல்லை.

நிலாப்பித்தன்:
"நல்ல" என்று சொல்லி விலையை மறைக்கிறீர்களே! அவரிடம் இருப்பது மலிவு ரகம். அதே பணத்துக்கு 10:1 நுண்குமிழோடு (பத்துச் சுற்று சுற்றினால் பெரிய குமிழின் ஒரு சுற்றுக்குச் சமம்) கிரேஃபோர்டு வரும். எஃப்/5-க்கு அந்த நுண்குமிழ் இல்லாமல் ஆகாது.

பட்டறைக்காரர்:
நுண்குமிழ் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துள்ளலுக்கு முதல் வைத்தியம் கடையில் இல்லை. மலிவு ரகங்களில் இடைவெளியைப் பிசுபிசு கிரீஸ் போட்டுத்தான் மூடியிருப்பார்கள். அதைத் துடைத்துவிட்டு, குழாய்க்கும் உறைக்கும் நடுவே மெல்லிய டெஃப்ளான் பட்டை வையுங்கள். அப்புறம் பல்சக்கரத் தகட்டின் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

நிலாப்பித்தன்:
கண்ணால் பார்க்க அது போதும். கேமரா எடையில் குழாய் சாய்ந்தால் படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கும், டெஃப்ளான் காப்பாற்றாது.

பட்டறைக்காரர்:
கிரேஃபோர்டும்தான் சாயும். எடை பேரிங் பக்கம் இறங்கினால் சரி, தண்டுப் பக்கம் இறங்கினால் குழாய் பேரிங்கை விட்டு எழும்பும். மாட்டும்போது எந்தப் பக்கம் கீழே வருகிறது என்று பாருங்கள்.

தெற்குவானம்:
ரெண்டு பேரும் ஃபோகஸரின் உயரத்தை விட்டுவிட்டீர்கள். டிஎஸ்எல்ஆரின் சென்சார், அடாப்டரோடு சேர்த்து, ஃபோகஸர் விளிம்பிலிருந்து சுமார் 55 மில்லிமீட்டர் பின்னால் இருக்கும். கண்ணால் பார்க்கச் செய்த நியூட்டோனியன் பலவற்றில் குழாயை முழுக்க உள்ளே தள்ளினாலும் ஃபோகஸ் வராது. எட்டங்குலம், முதலில் கேமராவை மாட்டி நிலாவைப் பாருங்கள். ஃபோகஸ் எட்டவில்லை என்றால் எந்த வகையானாலும் உயரம் குறைந்ததாக வாங்க வேண்டும்.

எட்டங்குலம்:
சரி, இன்றைக்கே பார்க்கிறேன். டெஃப்ளான் பட்டை எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வாங்கட்டும்?