சாதித்தால்தான் ஏற்பா, ஏற்றால்தான் சாதனையா? பள்ளியை விட்டு நின்ற ஒரு பிள்ளையைப் பற்றி

கேள்வி: தமிழாசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி

வணக்கம். கட்டுரைப் போட்டிகளில் மாவட்ட அளவு வரை சென்று வந்த என் வகுப்புப் பிள்ளை ஒன்று, பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. நடையையும் குரலையும் வைத்து வகுப்பில் கேலி செய்தார்கள் என்பதும், ஆண்கள் கழிப்பறைக்குப் போகப் பயந்து அந்தப் பிள்ளை காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது மூத்தவர் ஒருவர், "படித்து ஒரு நிலைக்கு வந்துவிட்டால் ஊர் தானாக மதிக்கும், திருநங்கையான நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ வாங்கவில்லையா?" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. சாதித்த பிறகுதான் ஏற்பு என்றால், சாதிப்பதற்கு வேண்டிய அத்தனை ஆண்டுகளையும் அந்தப் பிள்ளை எதைப் பற்றிக்கொண்டு கடக்கும்? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

மறுமொழி: பரதநாட்டிய மாணவி

அம்மா, அந்த மூத்தவர் நர்த்தகி அவர்களின் வாழ்க்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். மதுரையில் பிறந்து, இளவயதிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2019-இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பரதநாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளை அவரை மாணவியாக ஏற்று, நீண்ட காலம் தம்மிடம் வைத்துப் பயிற்றுவித்தார். 'நர்த்தகி' என்ற பெயரே ஆசான் சூட்டியது. உடன் பிறவாத உறவாக, தோழி சக்தி சிறுவயது முதல் துணைநின்றார். விருது கொடுத்தவர்களுக்கு முன்னால், ஒன்றுமில்லாத நிலையில் அவரை ஏற்றுக்கொண்ட இரண்டு பேர் இருந்தார்கள் என்பதை நாம் சொல்ல மறந்துவிடுகிறோம்.

திருநங்கையான பிரித்திகா யாஷினி அவர்களின் கதையும் இப்படித்தான். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது அவரைப் போன்றவர்களுக்கென்று ஒரு பிரிவே இல்லை. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017-இல் அவர் பணியில் சேர்ந்தார். அந்த வேலைக்கு வேண்டிய அறிவும் துணிவும் தீர்ப்புக்கு முந்தைய நாளும் அவரிடம் இருந்தவைதாமே?

மறுமொழி: கணக்குப் பிரிவில் பணிபுரியும் திருநங்கை

டீச்சர், உங்கள் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருந்ததைப் படித்ததும் சிறிது நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்திருக்க மாட்டேன், ஏனெனில் வாயைத் திறந்தால் குரல் வெளியே வந்துவிடும். எந்த வழியாக வீட்டுக்குப் போனால் அந்தப் பையன்கள் இருக்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு மாலையும் போட்ட கணக்கை, பாடத்தில் போட்டிருந்தால் எங்கோ போயிருப்பேன். மறைந்து வாழ்வதற்கு எவ்வளவு அறிவும் உழைப்பும் செலவாகின்றன என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

பதினேழு வயதில் வீட்டை விட்டு வந்தபோது என்னை ஏற்றுக்கொண்டது ஜமாத்துதான், அதாவது திருநங்கையர் ஒருவருக்கொருவர் உறவாகச் சேர்ந்து வாழும் குழு. என்னை மகளாகத் தத்தெடுத்த அம்மா, முதல் நாள் சாப்பாடு போட்டுவிட்டு, "நீ எப்படி நடக்கிறாயோ அப்படியே நட" என்றார். அந்த வார்த்தையால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரிந்த பிழைப்பு, கடை கடையாகப் போய்க் காசு கேட்கும் 'கடை கேட்பது' ஒன்றுதான். அன்பு கிடைத்த இடத்தில் படிப்பு இல்லை, படிப்பு இருந்த இடத்தில் அன்பு இல்லை. தனித்தேர்வராக எழுதி பிளஸ் டூ முடிக்க எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு சுமார் 73 விழுக்காடு. 'மற்றவர்' என்று பதிவான எங்களுக்கு 56 விழுக்காடு. படிக்க மனமில்லாததால் வந்த இடைவெளி அல்ல இது.

மறுமொழி: வழக்கறிஞர், மதுரை

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிக் கல்வி தர வேண்டும் என்கிறது. எனினும் சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தன்பாலின இணையர் தொடுத்த வழக்கை விசாரித்த நீதிபதி, இதில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் சென்று கற்றுக்கொண்ட பிறகே உத்தரவு பிறப்பித்தார். ஒரு நீதிபதி செய்ததை ஆசிரியர் அறையும் செய்யலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கணக்குப் பிரிவில் பணிபுரியும் தங்கையே, நீங்கள் எழுதியதை அந்த மூத்த ஆசிரியரிடம் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை, பிறகு பிள்ளையின் வீட்டு முகவரியைக் கேட்டார். மாற்றுச் சான்றிதழ் இன்னும் வாங்கப்படவில்லை, பெயர் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம். அலுவலகத்தை ஒட்டிய கழிப்பறையின் சாவியைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.