செத்த மாட்டுக்கு அரசு பணம் தருவது நியாயமா? (அட்லஸ் பனிப்புயல், தெற்கு டகோட்டா)

மயிலைக்காளை:
2013 அக்டோபரில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து மேற்குப் பகுதியில் அட்லஸ் பனிப்புயல் அடித்து ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. மறுவருடம் பண்ணைச் சட்டம் போட்டு, செத்த மாட்டின் சந்தை விலையில் 75 சதவீதத்தை அரசே கொடுத்தது. மாடு வளர்ப்பது தொழில்தானே? மளிகைக் கடையில் வெள்ளம் புகுந்தால் அரசா முக்கால் விலை தருகிறது? காப்பீடு எடுக்கட்டும்.

புல்வெளி:
எந்தக் காப்பீடு அண்ணா? அரசு மானியத்தோடு மாட்டுக்குக் கிடைக்கும் காப்பீடு விலை சரிந்தால்தான் ஈடு கட்டும், செத்தால் கட்டாது. சோளம் விதைப்பவருக்கோ பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசு கட்டுகிறது, அதை மட்டும் யாரும் தானம் என்று சொல்வதில்லை. அது அக்டோபர் முதல் வாரம், மாடுகள் கோடை மேய்ச்சலில் இருந்தே திரும்பவில்லை, குளிர்கால ரோமமும் வளரவில்லை. முதலில் மழை தோல்வரை நனைத்தது, அப்புறம் பனி, கூடவே சூறைக்காற்று. காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே போய் ஓடையிலும் பள்ளத்திலும் விழுந்து செத்தன. இதில் வளர்த்தவர் செய்த தவறு என்ன?

தொழுவம்:
பணம் உடனே வந்ததாக நினைக்க வேண்டாம். இழப்பீட்டுத் திட்டம் 2011 செப்டம்பரோடு காலாவதி. புயல் அடித்த வாரம் செலவு மசோதா நிறைவேறாமல் அமெரிக்க மத்திய அரசே முடங்கிக் கிடந்ததால் பண்ணை அலுவலகங்கள் பூட்டியிருந்தன. விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தது 2014 ஏப்ரல் 15. அழுகும் உடலைப் புதைக்காமல் வைத்திருக்க முடியாது, ஆனால் எத்தனை செத்தது என்பதற்கு ஆதாரமும் காட்டியாக வேண்டும்.

மயிலைக்காளை:
சரி, புயல் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். செத்த உடலை எண்ணித்தான் கொடுக்கிறார்கள். வறட்சியில் மேய்ச்சல் காய்ந்தால் அரசு தரும் வறட்சிப் பணத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? அதை கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கணக்கில் கொடுக்கிறார்கள். வறட்சி வரைபடத்தில் கவுண்டியின் ஒரு மூலை டி3 (அதிதீவிர வறட்சி) நிறத்துக்கு வந்தாலே அங்கே மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தகுதி, மூன்று மாதப் பணம், மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம். மீட் கவுண்டி மட்டும் சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். தெற்கே மழை பெய்து புல் முழங்கால் உயரம் நின்றாலும் வடக்கே காய்ந்ததற்காகப் பணம் வரும். இது பேரிடர் உதவி இல்லை.

புல்வெளி:
அந்த ஓட்டை உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் ஆளுக்கு வருடத்துக்கு 1,25,000 டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. அதோடு, தீவனம் வாங்க வழியில்லாவிட்டால் சினைப்பசுவையே விற்றுவிடுவார்கள், அந்த மந்தையைத் திரும்பச் சேர்க்க வருடங்கள் ஆகும். பணத்தை வெட்டாமல் அளவுகோலை மாற்றச் சொல்லுங்கள்.

மயிலைக்காளை:
அளவுகோல் ஏற்கனவே இருக்கிறதே! மேய்ச்சல் நிலத்துக்கான மழைக் காப்பீடு கவுண்டியைப் பார்ப்பதில்லை, சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து அந்தந்தக் கட்டத்து மழையைத்தான் பார்க்கிறது. வளர்ப்பவரும் பிரீமியத்தில் ஒரு பங்கு கட்டுகிறார். வறட்சிப் பணத்தையும் அதே கட்டத்தை வைத்துக் கொடுத்தால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. இப்போது ஒரே வறட்சிக்கு இரண்டையும் வாங்கலாம், அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

தொழுவம்:
கட்டத்துக்கு மாற்றலாம், சம்மதம். இரண்டில் ஒன்றை நிறுத்த ஒத்துக்கொள்ள மாட்டேன். காப்பீடு அவர் காசு கட்டி வாங்கியது.